வெப்பம் தேவை, இருட்டு தேவை

கம்ப்யூட்டரில் இல்லவே இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அந்த நிரல் சொன்னதுதான் முதல் கோணல்.

'வெப்பம் தேவை: இருக்கிறது.'

மெரின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். ஒரு மென்பொருள் பொதி ஓட வேண்டுமென்றால் இயந்திரத்தில் இன்னும் என்னென்ன இருக்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்து, இருப்பதை விட்டுவிட்டு, ஒன்று இரண்டாக இருந்தால் பழையதை நீக்கி, இல்லாததைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவள் எழுதிய நிரலின் வேலை. பொதி எழுதுகிறவர்களோ தங்கள் தேவைகளை வாய்க்கு வந்தபடி எழுதித் தொலைப்பார்கள். ஒருவன் முழுப்பெயர் எழுதுவான், இன்னொருத்தி செல்லப்பெயர் எழுதுவாள், சிலர் 'அந்தப் படம் வரைகிற சாமான்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அலுத்துப்போய் இன்று மதியம் ஒரு புதிய விதி சேர்த்திருந்தாள்: பெயர் தெரியாத தேவையானாலும் விட்டுவிடாதே, எங்கே இருந்தாலும் தேடு.

இந்த மாதிரிச் சோதனையை வெளியுலகம் தெரியாத ஒரு தனிப்பெட்டிக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மகள் எல்ஸிக்குக் காய்ச்சல், அலுவலகம் போகவில்லை, பெட்டி கட்டச் சோம்பல். வீட்டு மடிக்கணினியிலேயே, 'நிறுவட்டுமா?' என்று கேட்கிற கேள்வியையும் அணைத்துவிட்டு, பொதுச் சேமிப்பில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு பொதியைக் காட்டி, எல்லா அதிகாரமும் கொடுத்து ஓட விட்டிருந்தாள்.

ஜூன் மாதத்து ஹோபார்ட், ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் நடுக்குளிர்காலம். ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது, ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி எதிர்வீட்டுத் தகரக் கூரையைத் தின்றுகொண்டிருந்தது, நடையிலிருந்த ஹீட்டர் தூசி கருகும் வாசனையோடு விட்டுவிட்டு முனகியது, பின்னறையில் எல்ஸி மூக்கடைப்போடு மூச்சுவிடும் சத்தம் இங்கே வரை கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் மெரினுக்கு மனசு ஒரு நிலையில் இருந்தது.

'இருட்டு தேவை: இல்லை. நிறுவப்படுகிறது.'

விளக்கு அணைந்தது. எதிர்வீட்டு விளக்கும் அணைந்தது, பிறகு தெருவிளக்குகள் மலையடிவாரம் வரை ஒவ்வொன்றாக, யாரோ விரலால் அமுக்கிக்கொண்டே போவதுபோல. மின்வெட்டுதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் நடையில் ஹீட்டர் முனகிக்கொண்டேதான் இருந்தது.

நிறுத்தும் பொத்தான்களை அழுத்தினாள். நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். மடிக்கணினிக்குப் பேட்டரி இருந்தது. கூட வேலை செய்யும் ஜாஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். தூரத்து ஊரான லான்செஸ்டனில் உட்கார்ந்து ஏதோ மென்றுகொண்டிருந்தவன் முதலில் சிரித்தான்.

"பெட்டி கட்ட முடியலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தாயே. எந்தப் பொதி?"

பெயரைச் சொன்னாள். அவன் தேடிப் பார்த்தான். மெல்லுவது நின்றது. அதை எழுதியவர் என்று யாரும் இல்லை, யாரும் அதைப் பொதுச் சேமிப்பில் ஏற்றியதாகவும் தெரியவில்லை என்றான். உள்ளே நிரல் என்று ஒரு வரிகூடக் கிடையாதாம். தேவைகள் மட்டும்தானாம்.

"மெரின், கம்ப்யூட்டரை விடு. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே."

'மூச்சு தேவை: இருக்கிறது. இடம்: பின்னறை.'

மெரின் எழுந்தாள், நாற்காலி சரிந்தது. நடையின் இருட்டு வெறும் இருட்டாக இல்லை. ஈரக் கம்பளியைப் போல முகத்தில் ஒட்டியது, பழைய மண்ணின் வாடை அடித்தது. சுவரைத் தடவித் தடவி நடந்தாள். சின்ன நடைதான், தினமும் தூக்கக் கலக்கத்தில் கடக்கிற நடை. இன்று அது முடிவுக்கே வரவில்லை. போய்க்கொண்டே இருந்தது. கையிலிருந்த போனில் ஜாஸ் எதையோ கத்தினான், பிறகு குரல் அறுந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று மட்டுமே நினைத்தாள்.

எல்ஸி மூச்சுவிட்டாள்.

கூடவே இன்னொரு மூச்சு.

மெரின் நின்றாள். போன் திரை தானாக எரிந்தது. அந்த நிரல் எப்படி இதற்குள் வந்தது? யோசிக்க நேரமில்லை. வரி வந்துவிட்டது.

'அம்மா தேவை: இரண்டு இருக்கின்றன. பழையது நீக்கப்படுகிறது.'

ஓடினாள். கதவு. திறந்திருந்தது. போன் வெளிச்சம் கட்டில் வரை எட்டியது.

கட்டிலின் ஓரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மெரினின் சாம்பல் நிற ஸ்வெட்டர். மெரினின் கலைந்த கொண்டை. எல்ஸியின் தலை அவள் மடியில். அவள் விரல்கள் குழந்தையின் நெற்றியைத் தடவின, மெதுவாக, பக்குவமாக. வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளமான விரல்கள்.

"எல்ஸி!" என்று மெரின் கூப்பிட்டாள்.

குழந்தை கண்ணைத் திறந்தாள். நேராகக் கதவைப் பார்த்தாள். பயந்துபோய் அந்த மடிக்குள் இன்னும் ஒடுங்கினாள்.

"அம்மா, அங்க யாரும்மா நிக்கிறது?"

மெரின் கதவு நிலையைப் பிடிக்கப் போனாள். கை எதிலும் படவில்லை. போன் தரையில் கிடந்தது. எப்போது விழுந்தது?

கட்டிலில் இருந்தவள் தலையைத் திருப்பாமலே, மெரினின் குரலில், மெரினைப் போலவே சொன்னாள்.

"யாரும் இல்லடா தங்கம். நீ தூங்கு."