நூற்று முப்பதுக்கு எண்பது

மாசி முடிந்துகொண்டிருந்தது. காவிரி தன் நீரை மணலுக்குள் ஒளித்துக்கொண்டு மெல்லிய கோடாய்ச் சுருங்கிவிட, அம்மா மண்டபத்துப் படிகளில் பகலெல்லாம் ஏறிய வெம்மை மாலையிலும் இறங்க மறுத்தது. வேம்பு பூக்கத் தொடங்கியிருந்தும் அதன் மணத்தை ஏந்திவரக் காற்றில்லை. மாசியும் பங்குனியும் கூடும் அந்த வேளைக்காகத் திருவரங்கத்து உத்தர வீதி மூச்சடக்கிக் காத்திருந்தது.

கணவன் ஆயுளுக்காக நோற்கும் காரடையான் நோன்பு. காலை முதல் பட்டினியாயிருந்த ஆனந்தவள்ளி, அடை வெந்ததா என்று பார்க்கக் குனிந்தபோது செல்பேசி ஒலித்தது. புத்தூர் ஆஸ்பத்திரியின் செய்தி. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு மட்டும் வருவது, இன்று மாலையிலும் வந்திருந்தது.

‘திரு. ரங்கநாதன். ரத்த அழுத்தம் 210/124. சரியெனில் 1 அனுப்பவும்.’

அவள் அப்படியோர் அளவை அனுப்பவே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன் கணவர் தலைசுற்றி விழுந்தபின் தொடங்கிய ஏற்பாடு அது. மாத்திரை போட்டுக்கொண்டால் 1, இல்லையெனில் 2. பிறகு அன்றைய அளவு. ஓர் ஏகாதசியன்று, தண்ணீரும் தொடமாட்டேன் என்று அவர் மாத்திரையை ஒதுக்கினார். 2 அனுப்பினால் நர்ஸ் கூப்பிட்டுக் கடிந்துகொள்வாளே என்று அவள் 1 அனுப்பினாள். துவாதசியன்றும் அவர் போட்டுக்கொள்ளவில்லை; அதன்பின் ஒருநாளும் இல்லை. இரண்டு மாதமாகப் பிரஷர் மிஷின் அலமாரியில் கிடக்க, அவள் விரல் தினமும் 1 என்றும் 130/80 என்றும் எழுதிவந்தது.

கூடத்தில், பெருமாள் படத்தின்முன் நாற்காலியில் அமர்ந்து அவர் பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்னா, ஒரே ஒரு தரம் பிரஷர் பாத்துடலாமா?”

“எனக்குக் கொதிப்பு ஏர்றதே உன்னாலதான். அதை அந்த மிஷின் காட்டுமோ?” என்று சிரித்தார். “நோன்பும் அதுவுமா ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்குடி? போய்க் காரியத்தைப் பாரு.”

அவர் நெற்றித் திருமண்ணின் ஓரத்தில் நரம்பொன்று புழுவாய் நெளிந்தது.

அடுக்களைக்குத் திரும்பி ஆஸ்பத்திரியை அழைத்தாள். நர்ஸ் நசீரா எடுத்தாள்.

“சாயங்காலம் எங்ககிட்டேர்ந்து மெசேஜே போகாதுங்கம்மா. சாருக்கு என்னங்க, தினம் நூத்தி முப்பதுக்கு எண்பது! எல்லார்கிட்டயும் அவரைத்தான் உதாரணமா சொல்றோம்.”

அவள் அடுப்பைத் தணித்தாள்.

“ஒண்ணுமில்லம்மா,” என்று வைத்துவிட்டாள். உடனே செல்பேசி மறுபடி ஒலித்தது.

‘90/50. சரியெனில் 1 அனுப்பவும்.’

அலமாரிக்கு ஓடினாள். மிஷினின் பேட்டரி பச்சையாய்க் கசிந்து இறுகியிருந்தது. கூடத்திலிருந்து அதே குரல், அதே நிதானம், ஓர் எழுத்தும் பிசகாத பாசுரம். கற்பூர மணத்தின் அடியில் வேறொரு வாடை. ஈரமணலின் வாடை.

‘40/20.’

கூடத்துப் பக்கம் காது கொடுத்தாள். குரல் மட்டும் தொடர்ந்தது.

‘0/0. சரியெனில் 1 அனுப்பவும்.’

இரண்டு மாதப் பழக்கம். அவள் நினைக்குமுன் கட்டைவிரல் அழுத்திவிட்டது.

1.

பாசுரம் பாதிச் சொல்லில் நின்றது.

கூடத்துக்கு வந்தாள். ஒரு மூச்சுதான் கேட்டது. அவளுடையது. அவர் நெற்றி நரம்பு அடங்கியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

“வேளை வந்துடுத்து, வள்ளி,” என்றது அவர் குரல். உதடுகள் அசையவில்லை. “நோன்புச் சரடு கட்டிக்கோ.”

கட்டிக்கொண்டாள். மஞ்சள் முடிச்சு நழுவியது. மறுபடி போட்டாள். அடையையும் வெண்ணெயையும் பெருமாளுக்குக் காட்டினாள். பிறகு, முப்பத்தெட்டு வருடமாய்ச் செய்துவந்தபடியே, கணவர் காலில் விழுந்து சேவித்தாள்.

விரல்கள் பாதத்தைத் தொட்டன. ஆற்றடிக் கல்லின் குளிர்ச்சி.

அவள் எழுமுன், கை ஒன்று மெல்ல இறங்கி, அவள் உச்சியில் கனமாக அமர்ந்தது.

“தீர்க்க சுமங்கலீ பவ.”