மூன்றாவது தட்டு

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். வந்த இடத்திலும் மேஸ்திரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆடிய காலும் பாடிய வாயும் மட்டுமா, சுவர் கட்டிய கையும் அப்படித்தான். பார்க்கப் போன கோயில், மடம் எல்லாவற்றிலும் சுவரைத் தட்டித் தட்டி மார்க் போட்டுக்கொண்டே வந்தார். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவர் மனைவிக்கு அது பழகிப்போன சத்தம்.

அந்தப் பழைய மடத்தின் நிலவறைக்குள் இருவரும் இறங்கியபோது பகல் பதினொரு மணி. உள்ளே எண்ணெய்ப் புகையும் ஈர மண்ணும் சேர்ந்து நாறியது. வழிகாட்டிப் பெண் படியிலேயே எச்சரித்துவிட்டாள். இந்தச் சுவர்களுக்குள் துறவிகள் தங்களை உயிரோடு அடைத்துக்கொண்டார்களாம். தினம் ஒருமுறை வெளியிலிருந்து தட்டினால், உயிர் இருக்கும்வரை உள்ளிருந்து பதில் வருமாம். பதில் நின்ற சுவரை யாரும் தட்டக்கூடாது.

"காதுல விழுந்துச்சா?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

மேஸ்திரி பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். கடைசி அறையில் அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் தட்டிவிட்டார்.

டொக் டொக். டொக்.

சுவர் பதில் தட்டியது.

விளக்கு அணைந்தது.

இருட்டில் அவள் கையை ஒரு கை பற்றி மேலே கூட்டிவந்தது. வழிகாட்டி தலைகளை எண்ணிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

வெயிலுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சிமெண்ட் தின்ற அவர் உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். இந்தக் கை வழுவழுவென்று, சில்லென்று இருந்தது. முகம் மட்டும் அவருடையதுதான்.

உதறிவிட்டு ஓடிக் கதவில் காதை வைத்தாள். கீழே, வெகு ஆழத்தில்.

டொக் டொக். டொக்.

"கதவத் திறங்க. அவர் உள்ளதான் இருக்கார்."

வழிகாட்டி அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "ரெண்டு பேர் போனீங்க. ரெண்டு பேர் வந்துட்டீங்க," என்று சொல்லிச் சாவியோடு போய்விட்டாள்.

அவள் கதவோடு கன்னத்தை அழுத்திக்கொண்டாள்.

"ஏங்க, நான் இங்கதான் இருக்கேன். தட்டுங்க."

டொக் டொக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்றாவது தட்டு அவள் தோளில் விழுந்தது.