சொட்டுமலைக்குள் கழுகுக் காசு

"காசு நீந்துமா, அக்கா?"

தமயந்தி இப்படிக் கேட்டதும், மீன் வளர்த்து விற்கும் சீனப் பெண் ஆ மெய் கையிலிருந்த மீன்வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"வெயில் தலைக்கேறிடுச்சா லா உனக்கு? காசு எங்கே நீந்தும்? முங்கிப் போகும்."

"தண்ணியை எதுத்து மேட்டுக்கு ஏறாது இல்ல?"

"ஏறாது."

"அப்ப இது மேலேர்ந்துதான் உருண்டு வந்திருக்கணும்."

தமயந்தியின் உள்ளங்கையில் கறுத்த வில்லை ஒன்று கிடந்தது. கருகிப்போன பிஸ்கட் என்றே யாரும் சொல்வார்கள். ஆ மெய்யின் மீன்குளத்தில் வலையோடு வந்தது. ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். மீன் வாங்க வந்த தமயந்திதான் குனிந்து, எடுத்து, விரலால் தடவி, கறுப்புக்கு அடியில் ஒரு கழுகு சிறகை விரித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள்.

அமெரிக்க வணிக டாலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழைநாட்டு வியாபாரத்துக்கென்றே அமெரிக்கர்கள் அச்சடித்த வெள்ளிக் காசு. ஒரு பக்கம் கழுகு. மறுபக்கம் மூட்டைகள்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் கை நீட்டும் ஒரு பெண். சீனாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறி வந்து கடைகடையாகக் கை மாறிய காசு அது. மலேசியத் தமிழர்கள் இன்றைக்கும் ரிங்கிட்டை 'வெள்ளி' என்று சொல்வதில் அந்தக் காலத்து வெள்ளியின் ஓசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமயந்தி ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் உதவியாளர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்த டாலர்களைச் சேர்ப்பது அவளுக்கு ஒரு வெறி. அச்சான ஆண்டு, அச்சடித்த ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் மரப்பெட்டியில் வட்டக் குழி வெட்டி வைத்திருந்தாள். ஒரே ஒரு குழிதான் காலி. 1878, கார்சன் நகரம். அந்த ஆண்டு அந்த ஊரில் அச்சானதே குறைவு. அதிலும் கணிசமானவற்றைத் திரும்ப உருக்கிவிட்டார்களாம். கழுகின் காலடியில் இரண்டு குட்டி 'சி' எழுத்துகள் இருந்தால் அது கார்சன் நகரத்துக் காசு. அந்த இரண்டு எழுத்துகளைத் தேடித் தேடி அவள் கண் பூத்துப் போயிருந்தது.

பெட்டியின் முதல் குழியில் இருந்தது கடையில் வாங்கிய காசு அல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கொடுத்தது. மஞ்சள் துணியில் முடிந்த காசு.

"காட்டை வெட்டிச் சடக்கு, ரோடுன்னு போட வந்த காலத்துல உன் வீட்டுக்காரனோட பூட்டன் மலைச்சாமிக்கு வேண்டிக்கிட்டு முடிஞ்சது. செலுத்துறதுக்குள்ள காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிடுச்சு. அந்தச் சாமி மலைக்குள்ள எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியலை. பெட்டியிலயே கிடக்கு" என்றார் அத்தை. "நீ காசு பாக்கிறவ. வச்சுக்க."

அந்த மலைக்குத்தான் இப்போது ஆபத்து. சொட்டுமலை என்பது நம்மவர்கள் வைத்த பெயர். உள்ளே எந்நேரமும் நீர் சொட்டும் சுண்ணாம்புக்கல் மலை. கல்லுடைக்கும் கம்பெனி ஒன்று பாதி மலையைத் தின்றுவிட்டு, மீதிக்கும் அனுமதி கேட்டிருந்தது. அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயிலையும் பெயர்க்க வேண்டுமாம். நில அலுவலக விசாரணையில் கோயில்காரர்கள், "எங்க ஆளுங்க நூறு வருசத்துக்கு மேல மலைக்குள்ள சாமி கும்பிட்டவங்க" என்றார்கள். "மலைக்குள்ளே எங்கே?" என்று அதிகாரி கேட்டார். தமயந்தி எழுந்துபோய் மஞ்சள் முடிச்சுக் காசை மேஜைமேல் வைத்தாள்.

"காசு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், அம்மா. மலைக்குள்ளே கிடந்தது என்று காட்டுங்கள். அடுத்த விசாரணைவரை பொறுக்கிறேன்" என்றார் அதிகாரி. கம்பெனி ஆட்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பைத் தமயந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள், சோறு இறங்கவில்லை.

இப்போது குளத்தில் ஒரு காசு. குளத்துக்குத் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. அப்படியென்றால் தண்ணீர்தான் வழி.

மறுநாள் காலை மூன்று பேர் ஓடையோரம் நின்றார்கள். தமயந்தி, ஆ மெய், பிறகு லோகநாதன். லோகா அவளுடைய கொழுந்தன், லோரி ஓட்டுகிறவன். ஆள் மலை மாதிரி இருப்பான். வௌவால் என்றால் மட்டும் வேர்த்துவிடும்.

"அண்ணி, ஊர்ல எல்லாரும் பவுன் சேக்கிறாங்க. நீங்க கறுத்த காசு சேக்கிறீங்க. சரி, பரவாயில்லை. அதுக்காக என்னை ஏன் வௌவாலுக்குத் தீனியா போடறீங்க?"

"வௌவால் பழம் திங்கும், பூச்சி திங்கும். உன்னைத் தின்னா அதுக்குச் செரிக்காது. தலைவிளக்கைக் கட்டு."

ஆ மெய் ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். அவள் திட்டும்போதுகூடத் தமிழில்தான் திட்டுவாள். கயிற்றின் ஒரு முனையைத் தமயந்தியின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நான் வாசல்ல நின்னு வானத்தைப் பாக்கிறேன். மேற்கால கறுத்தா மூணு இழு இழுப்பேன். கேள்வி கேக்காத. காசைப் பாத்துக்கிட்டு நிக்காத. வந்துடு. இந்த ஓடை மழைக்குப் பொங்கும்; ஆளைப் பாக்காது."

"கயிறு எட்டலைன்னா?"

"விசில் இருக்கு. அதுவும் கேக்கலைன்னா அடுத்த பிறவியில மீன் தாரேன், போ."

மலையின் வாய் தாழ்ந்து கிடந்தது. குனிந்து நுழைந்தார்கள், பிறகு தவழ்ந்தார்கள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் பனிக்கட்டியாய்க் குத்தியது. தலைக்குமேல் வௌவால்கள் விர்ரென்று கலைந்தன. லோகா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டான். ஓரிடத்தில் பாறையிடுக்கில் வெளுத்த பாம்பு ஒன்று அசையாமல் காத்திருந்தது.

"அண்ணி..."

"அது வௌவாலுக்குக் காத்திருக்கு. உன் கட்சிதான். தாண்டி வா."

உள்ளே போகப் போகக் கூரை உயர்ந்தது. நிமிர்ந்து நின்றபோது எதிரே ஓடை இரண்டாகப் பிரிந்திருந்தது. இடப்பக்கம் அகலமான, நடக்கச் சுகமான வழி. வலப்பக்கம் இடுக்கான ஏற்றம். தண்ணீர் இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது.

"இடது பக்கம் போவோம். சாமி கும்பிட வந்தவன் கஷ்டமான வழியிலயா வந்திருப்பான்?" என்றான் லோகா.

தமயந்தி இரண்டு ஓடைகளிலும் கையை விட்டு அளைந்தாள். இடப்பக்கம் கை நிறைய நைந்த சேறு. வலப்பக்கம் உருண்டு தேய்ந்த கூழாங்கல்.

"சேத்துல காசு விழுந்தா அங்கேயே புதையும். கல்லை உருட்டுற தண்ணிதான் காசையும் உருட்டும். வலது."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போனா நீ வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரி. ஏறு."

வழுக்கிய பாறையில் லோகா தோளைக் கொடுக்க, அவள் அதில் கால் வைத்து ஏறினாள். பிறகு கையை நீட்டி அவனை இழுத்தாள். மேலே கல்மேடை ஒன்று. அதற்கப்பால் ஒரு கூடம். எங்கோ மேலே இருந்த துளை வழியாகப் பகல் வெளிச்சம் நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தின் நடுவே, கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி வளர்ந்த வெள்ளைக் கல் ஒன்று, சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆளைப் போல நின்றது. அதன் பக்கத்தில் ஊன்றிய இரும்புச் சூலத்தைக் கல் பாதி விழுங்கியிருந்தது.

லோகா செருப்பைக் கழற்றினான். அவனை அறியாமலே கை கூம்பியது.

"இங்கதான் இருந்திருக்கார், அண்ணி. நாம கீழே தகரக் கொட்டாயில தேடிக்கிட்டிருந்தோம்."

"கீழே பார் லோகா. காலை வைக்காத."

அந்தக் கல் ஆசாமியின் காலடியில், சுண்ணப் படிவுக்குள் உருண்டை உருண்டையாக எவையோ பதிந்திருந்தன. குவியல் குவியலாக.

"என்ன இது? பூண்டு கொட்டி வச்ச மாதிரி இருக்கு."

தமயந்தி விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். பூண்டு மாதிரித்தான். கீழே தட்டையாய், மேலே கூம்பி, நுனியில் ஒரு முறுக்கு. அத்தை கொடுத்த மஞ்சள் துணியின் முடிச்சும் இப்படியேதான் இருந்தது.

"காணிக்கை முடிச்சு லோகா. ஒவ்வொருத்தரும் ஒரு காசை முடிஞ்சு சாமி காலடியில வச்சிருக்காங்க. துணிமேல சொட்டுத் தண்ணி விழுந்து விழுந்து துணியே கல்லாயிடுச்சு. பார், நூல் ஓடின தடம்கூடத் தெரியுது."

லோகா இடுப்பிலிருந்து சுத்தியலை உருவினான். "ஒண்ணை உடைச்சுப் பாத்திடுவோம்."

"உள்ளே போடு அதை."

"காசுதானான்னு தெரிய வேணாமா?"

தெரிவதற்கு உடைக்க வேண்டியிருக்கவில்லை. குவியலின் விளிம்பில், ஓடைப் பக்கமாக, தண்ணீர் அரித்த ஒரு முடிச்சு வாய் பிளந்திருந்தது. உள்ளே கறுத்த காசு ஒன்று தன் கல்கூட்டில் லேசாக ஆடியது. பக்கத்தில் இன்னொரு கூடு காலி. குளத்துக் காசு அங்கிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும். தமயந்தி முட்டி போட்டு, தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கழுகு. அதன் காலடியில் இரண்டு குட்டி 'சி'. பையிலிருந்த சின்ன முகக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மூட்டைமேல் உட்கார்ந்த பெண். அவளுக்குக் கீழே 1878.

லோகாவும் பக்கத்தில் குனிந்தான்.

"இதுதானா அது? பெட்டியில காலியா இருக்கிற குழி?"

"இதுதான்."

"அப்புறம் என்ன? அதுவே கழண்டுதான் கிடக்கு. எதையும் உடைக்க வேணாம். எடுத்து மடியில போடுங்க. மத்ததெல்லாம் சாமிக்கும் அதிகாரிக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

தமயந்தியின் கை தானாக நீண்டது. விரல் நுனி காசுக்கு மேலே நின்றது. எத்தனை ஊர், எத்தனை கடை, எத்தனை போலிக் காசு. இதோ, ஒரு விரல் தூரம்.

கையை இழுத்துக்கொண்டாள்.

"வருசம் தெரியிற காசு இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கல்லுக்குள்ள இருக்கு. இதை நான் எடுத்துக்கிட்டுப் போனா, இது என் பெட்டியில இன்னொரு காசு. இங்கேயே கிடந்தாத்தான் மலைக்குச் சாட்சி. அன்னிக்குச் சிரிச்சாங்களே, அவங்களுக்குப் பதில் இதுதான்."

அவள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. மறுபடி. மறுபடி.

"மழை. வாங்க அண்ணி."

"இரு."

"ஆ மெய் அக்கா என்ன சொன்னாங்க? காசைப் பாத்துக்கிட்டு நிக்காதன்னு சொன்னாங்க."

"தண்ணி ஏறினா இந்தக் காசை அடிச்சுக்கிட்டுப் போயிடும், லோகா. போன காசு எங்கே போச்சு, பாத்தே இல்ல?"

"அதான் சொல்றேன், எடுத்துக்கிட்டு வந்துடுங்க. பத்திரமாவாவது இருக்கும்."

"கல்லை எடுத்துப் போடு. அணை கட்டுவோம்."

லோகா அவளை ஒரு கணம் முறைத்தான். பிறகு ஓடையில் குதித்து, மற்றவர்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கற்களைத் தனியாளாகப் புரட்டி மேடை விளிம்பில் வரிசை வைத்தான். தமயந்தி இடப்பக்க ஓடைக்கு இறங்கி, முன்பு தான் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தச் சேற்றையே அள்ளிவந்து இடுக்குகளில் அப்பினாள். தண்ணீர் நிறம் மாறிவிட்டது. தேநீர் நிறத்தில் முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறியது. தூரத்தில் விசில் விடாமல் அலறியது.

"போதும் அண்ணி."

"அந்த மூலை."

"போதும்னேன்." அவன் அவளை மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். தாழ்ந்த பாதையில் தண்ணீருக்கும் கூரைக்கும் இடையே முகம் அளவுக்குத்தான் காற்று இருந்தது. ஆ மெய் வெளியிலிருந்து கயிற்றை மீன் இழுப்பதுபோல் இழுத்தாள். இரண்டு பேரும் சேறும் நீருமாய் வாசலில் வந்து விழுந்தார்கள். வௌவால்களைப் பற்றி லோகாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கிடைச்சுதா?" என்றாள் ஆ மெய்.

"கிடைச்சது அக்கா."

"எங்கே?"

"அங்கேயே இருக்கு."

ஆ மெய் லோகாவைப் பார்த்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மழை விட்டு ஓடை வடிந்ததும், தமயந்தி எடுத்த படங்களைப் பார்த்துத் தொல்பொருள் துறையிலிருந்து அனிஸா என்ற அதிகாரி வந்தார். நில அலுவலக அதிகாரியும் காற்சட்டையை மடித்துக்கொண்டு கூடவே நுழைந்தார். வழியெல்லாம் தமயந்திக்கு ஒரே கேள்விதான். அணை நின்றிருக்குமா? கூடத்துக்கு ஏறியதும் அவள்தான் முதலில் விளக்கைத் திருப்பினாள். அணையில் ஓரிரு கல் சரிந்திருந்தது. சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதன் பின்னால், கல்கூட்டுக்குள், கழுகு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அனிஸா நெடுநேரம் முட்டி போட்டுப் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: "இந்தப் படிவு இவ்வளவு தடிக்க ஒரு மனிதரின் ஆயுள் போதாது. யாரும் நேற்று கொண்டுவந்து வைத்திருக்க முடியாது." தமயந்தியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் நாணயம் சேர்ப்பவர் என்று கேள்விப்பட்டேன். இது என்ன காசு என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"தெரிந்துமா விட்டுவிட்டு வந்தீர்கள்?"

"எடுத்திருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள்."

நில அலுவலக அதிகாரி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மலை தப்பியது. கம்பெனியின் வேலி பின்னால் நகர்ந்தது. சொட்டுமலை காக்கப்படும் இடம் என்று பலகை ஏறியது. ஓடை வாயிலில் நடந்த முதல் பூசைக்குத் தோட்டத்துச் சனமெல்லாம் திரண்டு வந்தது. ஆ மெய் ஊதுவத்திக் கட்டோடு வந்திருந்தாள். லோகா போவோர் வருவோரிடமெல்லாம், "அணை கட்டினது நான்தான். வௌவால் ஒண்ணொண்ணும் இம்மாம் பெரிசு" என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

தமயந்தி மடியிலிருந்து புது மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள். பெட்டியின் முதல் குழியில் இருந்த காசு. பூட்டன் செலுத்தாமல் போன காசு. அத்தையின் கையில் அதைக் கொடுத்தாள். இருவருமாகச் சேர்ந்து, பூசை நடந்த இடத்தில் மலைச்சாமியை நினைத்து வைத்தார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சு வச்சவரு இப்ப நிம்மதியா இருப்பாரு" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லோகா லோரியை ஓட்டியபடி மெதுவாகக் கேட்டான்.

"காசு தேடப் போனீங்க. இப்ப பெட்டியில ஒண்ணுக்கு ரெண்டு குழி காலி. வருத்தமா இல்லையா?"

"காலின்னு யார் சொன்னா? ரெண்டு காசும் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்."

இன்றைக்கும் அவள் வீட்டுக்குக் காசு பார்க்க வருகிறவர்கள் உண்டு. தமயந்தி பெட்டியைத் திறந்து, நிரம்பிய குழிகளைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு வெறும் குழிகளைத்தான் முதலில் காட்டுகிறாள். காட்டும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.