ஐந்து கை விமானம்

விடிந்ததும் குற்றாலிங்கம் வீட்டில் கேட்கும் முதல் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"ஏங்க, நான் குழாயைப் பிடிச்சிருக்கேன். நீங்க அடுப்பைப் பிடிங்க."

"நான் விசிறியல்லா பிடிச்சிருக்கேன்."

"அதை விட்டுட்டு வாங்க. காபி வேணுமா, காத்து வேணுமா?"

குற்றாலிங்கம் மணிக்கட்டில் இருந்த அலைவளையத்தைத் திருகுவார். விசிறி நிற்கும், அடுப்பு எரியும். புதுத்தேரி அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் காலை இப்படித்தான் பிறந்தது. கதவு, குழாய், அடுப்பு, தொட்டில், குளிர்பெட்டி என்று எதிலும் கம்பி கிடையாது. எல்லாம் வானலையில் இயங்கின. காற்றில் அலைகளின் நெரிசல் தாங்கமுடியாமல் போனபோது அரசாங்கம் அதை ஆளுக்கொரு இழையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அதற்கு அலைப்பங்கு என்று பெயர். பிறக்கும்போது கிடைக்கும், சாகும்போது போகும். செல்வந்தரோ ஏழையோ, ஒரு ஆள் ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் இயக்க முடியும்.

அலை தேவைப்படாத பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அவர் மனைவி ஆவுடையம்மாளின் நல்லெண்ணெய் விளக்கு. குழாயைத் திறக்குமுன் அதை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் மறுவேலை பார்ப்பாள்.

அன்று கும்பிட்டு எழுந்தவள் ஒரு நீளமான பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். உள்ளே மெல்லிய பால்சா மரச்சட்டங்கள், விலா விலாவாக வெட்டிய பலகைகள், பசை, ஒரு பெரிய வரைபடத் தாள். எல்லாம் சேர்த்து ஒட்டினால் ஒரு விமானம். ஆள் ஏற முடியாதே தவிர, கூடத்தில் வைத்தால் ஆள் நடமாட முடியாது.

"இது எதுக்கு?"

"இடது இறக்கையை நீங்க செய்யணும். வலது இறக்கையைத் தம்பி அவன் வீட்டுல செய்வான். உடம்பையும் வாலையும் நான் பாத்துக்கிடுதேன்."

குற்றாலிங்கம் பெட்டியின் மூடியைத் திரும்ப வைத்தார். தம்பி என்றால் நெல்லையப்பன், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் அவர் மைத்துனன். இருவரும் பேசிப் பல வருடமாகிவிட்டது.

காரணம் சொன்னால் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் அலையைக் கடன் வாங்கலாம். அரை மணி நேரம் மாவாட்ட வேண்டும் என்று மைத்துனனின் அலையை வாங்கிய குற்றாலிங்கம், ஆட்டி முடித்ததும் அதே அலையில் உடம்பைப் பிடித்துவிடும் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்து, தூங்கிவிட்டார். குளிக்கப் போயிருந்த நெல்லையப்பன் கதவைத் திறக்க அலையில்லாமல் பொழுது சாயும்வரை குளியலறையிலேயே கிடந்தான். தீபாவளி வேறு. ஊர் ஊராக இதே மாதிரி புகார்கள் குவிந்து, கடைசியில் அலையைக் கடன் கொடுக்கவே கூடாது என்று சட்டம் வந்தது. இப்போது எவன் அலையும் அவனவன் கைக்கு மட்டுமே கட்டுப்படும்.

"அவன் அடுத்த வாரம் சுற்றுநிலையத்துக்கு வேலைக்குப் போறான்" என்றாள் ஆவுடை. "ஆகாசத்துல போய் உக்காந்தா எப்ப வருவானோ. முகம் குடுக்காமலே போனான்னா என் மனசு ஆறாது. இது பறக்கணும். ரெண்டு பேரும் சேந்து பறக்க விடணும். அவ்வளவுதான் நான் கேக்குதது."

குற்றாலிங்கம் மூடியைத் திறந்து சட்டங்களை வெளியே எடுத்தார். அவருக்கும் அந்தக் குளியலறை நினைவு நெஞ்சில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனால் அவன் கதவைத் திறப்பானோ மாட்டானோ என்ற பயத்திலேயே வருடங்கள் ஓடிவிட்டன.

வேலை பிடித்துப் போயிற்று. தாளை மேசையில் விரித்து, அதன் கோடுகள்மேல் சட்டத்தை வைத்து, விலாக்களை நிறுத்தி ஒட்டினார். அவர் முடித்ததும் ஆவுடை தாளை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனாள். தம்பியும் முடித்தான். ஒரு மாலை இரு இறக்கைகளும் மொட்டைமாடிக்கு வந்தன. ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆவுடை இறக்கைகளை உடம்பில் பொருத்திப் பார்த்தாள். ஒன்று முன்னோக்கி நின்றது, மற்றது பின்னோக்கி நின்றது. இரண்டும் இடது.

"அக்கா, நான் தாளுல உள்ளபடிதான் செஞ்சேன்" என்றான் நெல்லையப்பன்.

"நானும் தாளுல உள்ளபடிதான் செஞ்சேன்னு சொல்லு" என்றார் குற்றாலிங்கம், மனைவியிடம்.

இருவரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஆவுடை அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டே விளக்குக்கு எண்ணெய் விட்டாள். மனம் வேறெங்கோ இருந்ததால் எண்ணெய் தாளில் சிந்திவிட்டது. துடைக்கப் போனவள் நின்றாள். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி போலாகி, கோடுகள் மறுபக்கம் தெரிந்தன. திருப்பிப் பிடித்தாள். வலது இறக்கை.

"ஒரு பக்கத்தைத்தான் வரைஞ்சிருக்கான். மறுபக்கத்தை நாமதான் திருப்பிப் பாத்துக்கிடணும் போல" என்று கணவரிடம் காட்டிவிட்டு, முழுத் தாளுக்கும் எண்ணெய் தடவினாள். அவர் தன்னிடம் இருந்த வெள்ளைத் தாளில் அந்தக் கோடுகளைப் படியெடுத்துக்கொண்டார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தாளைத் தம்பியிடம் கொண்டுபோகும் அவசரம்.

அன்று இரண்டு வீட்டிலும் அடுப்பில் வெந்நீர் கொதித்தபடியே இருந்தது. ஆவி காட்டினால் பசை இளகும்.

அடுத்த மாலை மீண்டும் மொட்டைமாடி. மீண்டும் பொருத்தினாள். மீண்டும் ஒன்று முன்னோக்கி, ஒன்று பின்னோக்கி. இப்போது இரண்டும் வலது.

ஆவுடை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெல்லையப்பன் தன் இறக்கையைப் பார்த்தான், அத்தானின் இறக்கையைப் பார்த்தான்.

"எனக்குத்தானே வலது. நீங்க ஏன் பிரிச்சீக?"

பல வருடத்துக்குப் பிறகு அவன் நேராகக் கேட்ட கேள்வி அது. குற்றாலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊரை விட்டுப் போறவன், தப்பை ஒத்துக்கிட்டு நிக்க வேண்டாம்னு நெனச்சேன். நான் மாத்திக்கிட்டா நீ செஞ்சது சரியாயிரும்லா."

"நானே மாத்திட்டேனே."

"நீ மாத்துவன்னு யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தாத்தானே."

நெல்லையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. குற்றாலிங்கமும் சிரித்தார். கையிலிருந்த மெல்லிய சட்டங்கள் குலுங்கின.

"பாத்து, பாத்து. மறுபடியும் ஆவி காட்ட வேண்டியிருக்கும்" என்றாள் ஆவுடை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இடது இறக்கையை இந்த முறை ஒரே மேசையில், ஒரே வீட்டில், நான்கு கைகள் சேர்ந்து ஒட்டின. அவன் அங்கேயே சாப்பிட்டான்.

பறக்க விடுவதில்தான் அடுத்த சிக்கல். இரண்டு இறக்கை மடல்கள், ஏறி இறங்க வால்மடல், திரும்ப சுக்கான், பிறகு மோட்டார் என்று விமானத்துக்கு ஐந்து அலை வேண்டும். ஆள் மூன்றுதான். கடன் வாங்கவும் வழியில்லை.

ஆவுடை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அத்தனை காலம் எதிரெதிரே குடியிருந்தும் மிக்கேல் சாரோடு அவள் நின்று பேசியதில்லை.

"என் குளிர்பெட்டியில மீன் இருக்கும்மா. அலையை எடுத்தா கெட்டுப்போகும்" என்றார் மிக்கேல் சார்.

"அதுக்கு முன்னாலயே வறுத்துருவோம் சார். எல்லாரும் சேந்து சாப்பிடுவோம்."

கீழ்வீட்டு ஜெயராணிக்குத் தொட்டில்தான் கவலை. அதை ஆட்டவே அவள் அலை முழுக்கச் செலவாகிக்கொண்டிருந்தது. பிறகு அவளே சொன்னாள், "இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா ஆச்சு."

நெல்லையப்பன் கிளம்புவதற்கு முந்தின நாள், செம்மணல் மேடான தேரியில் ஐவரும் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு சின்னப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி. இடது மடல் குற்றாலிங்கத்துக்கு, வலது மடல் நெல்லையப்பனுக்கு. ஆவுடை கண்ணை மூடி ஒரு நொடி நின்றுவிட்டு மோட்டாரை முடுக்கினாள். விமானம் மணலில் ஓடி, தயங்கி, எழுந்தது. மிக்கேல் சார் வால்மடலைப் பிடித்தபடி "கர்த்தரே" என்று முணுமுணுத்தார்.

நேராகப் போனவரை சரி. முன்னால் பனைமரங்கள் வந்தன. இடப்பக்கம் சாய வேண்டும். இடது மடல் மேலே போக, வலது மடல் கீழே வர வேண்டும். அத்தான் முதலில் தொடட்டும் என்று நெல்லையப்பன் காத்திருந்தான். மாப்பிள்ளை முதலில் தொடட்டும் என்று குற்றாலிங்கம் காத்திருந்தார். பனைகள் நெருங்கின.

"ரெண்டு பேரும் மரியாதை பாத்தது போதும்" என்று ஆவுடை சத்தம் போட்டாள். "வாயைத் திறந்து பேசுங்க."

"மாப்பிள்ள, நான் ஏத்துதேன், நீ இறக்கு."

"சரி அத்தான். இன்னும் கொஞ்சம். அம்புட்டுதான். இப்ப நீங்க இறக்குங்க, நான் ஏத்துதேன்."

விமானம் பனைகளின் தலையை ஒட்டிச் சாய்ந்து திரும்பியது. ஜெயராணி ஒரு கையால் சுக்கானைத் திருப்ப, இடுப்பில் இருந்த குழந்தை ஆகாயத்தைக் காட்டிக் கத்தியது. அதன்பிறகு இருவர் பேச்சும் நிற்கவே இல்லை. ஏத்து, இறக்கு, பொறு, சரி. விமானம் இறங்கி மணலில் மூக்கைக் குத்தி நின்ற பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மீன் கெடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது குற்றாலிங்கம் மெல்லச் சொன்னார்.

"அன்னைக்கு அந்தக் குளியலறை... நான் தூங்கியிருக்கக் கூடாது மாப்பிள்ள."

"விடுங்க அத்தான். இனிமே என்ன வேணும்னாலும் உங்களை நம்பிக் குடுப்பேன். குளியலறைக் கதவை மட்டும் குடுக்க மாட்டேன்."

அவன் போய்விட்டான். அவன் அலையும் அவனோடு வானம் ஏறிவிட்டது. மறுநாள் மாலை ஆவுடை விளக்கேற்றியபோது, வழக்கமாக அந்நேரம் விசிறியைப் பிடித்திருக்கும் குற்றாலிங்கம் அதை விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். புழுக்கமாக இருந்தது. இருவரும் அவனுக்காகக் கும்பிட்டார்கள்.

கதவு தட்டப்பட்டது. குற்றாலிங்கம் வளையத்தைத் திருகித் திறந்தார். மிக்கேல் சாரும், குழந்தையோடு ஜெயராணியும், அவர்களுக்குப் பின்னால் மாடிப்படி நெடுக முகம் தெரியாத இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். அத்தனை வீடுகளிலும் அந்நேரம் விசிறி நின்றிருக்க வேண்டும்.

"நாளைக்கும் விமானம் விடுதீகளாம், வலது இறக்கைக்கு ஆள் வேணுமாமே" என்றார் அவர்களில் ஒருவர்.

குற்றாலிங்கம் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க. ஆனா ஒண்ணு, பறக்கும்போது வாயைத் திறந்து பேசணும்."