பொட்டு வைத்த போர்க்கோடரி

மலேசியாவில், சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் இடிக்கப்போகும் பழைய தோட்டத்து வீடு அது. பழைய சாமான் பார்க்க நாங்கள் போய் இறங்கியது மத்தியானம், மழைக்கு முந்தைய புழுக்கத்தில். என் வீட்டுக்காரர் மெய்யப்பனுக்குப் பழைய ஆயுதம் கண்ணில் பட்டால் சோறு தண்ணி வேண்டாம். வாசல் நிலைக்கு மேலே அந்தக் கோடரி தொங்கியது.

“இது மரம் வெட்டறதுக்கு இல்ல, அபிராமி. அதுன்னா ஆப்பு மாதிரி தடிப்பா இருக்கும். இது எவ்ளோ மெலிசு பாரு, போர்க்கோடரி. கீழ வளைஞ்சிருக்குல்ல, இதால கேடயத்தக் கொக்கி போட்டு இழுத்துட்டா, அடுத்த வீச்சு கழுத்துக்குத்தான்.”

எனக்குக் கழுத்து கூசியது.

வீட்டில் குடியிருந்த மாரியம்மா அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். “கொண்டு போங்க தம்பி. பொட்டு மட்டும் வச்சிடாதீங்கலா.”

“ஏன்க்கா?” என்றேன்.

“முழிச்சுக்கும்.”

ஆயுத பூஜை வந்தது. லகாட் ஊரில் எங்கள் வீட்டுச் சாமியறையில் கார் சாவி, லேப்டாப், மகள் விசாலியின் பூப்பந்து மட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. மனிதர் கோடரியையும் தூக்கி வந்தார்.

“ஆயுத பூஜைல ஆயுதத்த விட்டா எப்படி?” என்று சந்தனம், குங்குமம் வைத்தார். நானும் ஒரு மடச்சி, சூடம் காட்டினேன்.

மறுநாள் எங்கள் நாய் சீனியின் கழுத்தில் குங்குமப் பொட்டு இருந்தது. விசாலியின் சேட்டை என்று சிரித்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம், மழையில், சீனி பின்வாசலில் செத்துக் கிடந்தது.

கழுத்தில் ஒரே வெட்டு. மெல்லிசான வெட்டு.

கோடரி சாமியறையில்தான் இருந்தது. அதன் கீழே தரை ஈரம். ரத்த வாடை.

“நீதானே இன்னைக்கு சீனிக்குப் பொட்டு வச்சே?”

“நான் வைக்கலம்மா,” என்றாள் விசாலி.

விடிந்ததும் கோடரியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு மாரியம்மாவிடம் ஓடினோம். விசாலி பின்சீட்டிலேயே தூங்கிப்போனாள். அவளைக் காரில் விட்டுவிட்டு வாசலுக்குப் போனோம். மாரியம்மா குங்குமத்தைத் துடைத்து, கோடரியைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

“நாயோட போச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாக்கா.”

“வேற யாருக்கும் பொட்டு வைக்கலயே?”

“இல்ல.”

“அப்ப சரி. திரும்பிப் பார்க்காம போங்க.”

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. காரில் ஏறி, தூங்கும் பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டேன்.

கழுத்தில் பொட்டு.

தொட்டேன். ஈரம் காயவில்லை.

மாரியம்மா சொன்னதையும் மறந்து திரும்பிப் பார்த்தேன். நிலைக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது.