சிரிக்காமல் போனவர்கள்

மழையில் தொப்பலாக நனைந்து அச்சகத்துக்குள் நுழைந்தவர், சட்டைக்குள் பத்திரப்படுத்தியிருந்த புரூஃப் தாள்களை அவள் மேசைமேல் வைத்தார்.

"என் நாவல்ல கை வச்சது யாருங்க?"

அவள் நிமிர்ந்தாள். கோபமாகத்தான் கேட்டார்... ஆனால் கண்கள் அந்தக் கோபத்துக்கு ஒத்துழைக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் தொழிற்சாலைப் பெண்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று அவர் எழுதியிருந்தார். 'சிரித்துக்கொண்டே' என்ற சொல்லை அவள் அடித்திருந்தாள்.

"நான்தான் சார். புரூஃப் பாக்கறது என் வேலை."

"எழுத்துப்பிழையைத் திருத்துங்க. கதையை ஏன் திருத்தறீங்க?"

"அங்க யாரும் சிரிக்கல சார். நான் இருந்தேன்."

தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அவள் சொன்னாள். யுத்தம் நடந்த நான்கு வருடமும் தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் இயந்திரம் ஓட்டியதை; மாவு விலை மூன்று மடங்கு ஏறியபோது, போர்முனைக்குப் போன அண்ணனுக்குப் பதிலாக அவள் சம்பளம் அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் காப்பாற்றியதை; சமாதானம் வந்த மறுவாரம் மேற்பார்வையாளர் நூற்றுப் பதினெட்டுப் பெண்களை வரிசையில் நிறுத்தி, இனி வீட்டைப் பாருங்கள் என்றதை. போர்முனையிலிருந்து திரும்பி அவள் இயந்திரத்தில் வேலைக்கு வந்தவன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். அவனை வெறுக்கக்கூட முடியவில்லை என்றாள்.

அந்த அத்தியாயத்தை மாற்றி எழுத அவர் தினமும் மதியம் வந்தார். சந்தேகம் கேட்பார், அவள் திருத்துவாள், அவர் சண்டைக்கு வருவார், கடைசியில் தோற்றுப்போவார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்குப் படித்துக்கொண்டிருந்த வரி தவறிவிடும். நாவல் முடிவதற்குள் கல்யாணச் சாப்பாடு கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று அச்சுக்கோர்க்கும் பெரியவர் அவள் காதுபடவே சொன்னார்.

புத்தகம் வந்த அன்று முதல் பிரதியை அவளிடம் நீட்டினார்.

"இனிமே இந்த இருட்டு ரூம்ல கண்ணைக் கெடுத்துக்க வேணாம். என் வீட்டுக்கு வந்துடுங்க... நான் பாத்துக்கறேன்."

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! ஆனால் அவள் காதில் விழுந்தது மேற்பார்வையாளரின் குரல்.

"அவரும் வீட்டுக்குத்தான் போகச் சொன்னார் சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. மாடிப்படி இறங்கிப் போனார். மறுநாள் வருவார் என்று நினைத்தாள். ஒரு மாதம் கழித்து, நாமே ஒரு வரி எழுதினால் என்ன என்று நினைத்தாள். நாம் ஏன் இறங்கிப் போகவேண்டும் என்று ரோஷம் கையைப் பிடித்தது. அங்கே அவருக்கும் அதே ரோஷம்.

பதினோரு வருடம் கழித்து, வேற்றூர் அச்சகம் ஒன்றின் பொறுப்பை ஏற்கப் புறப்பட்டவள், ரயில் நிலைய டிக்கெட் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றாள். அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. தூரத்து பெஞ்சில் அவர் மனைவியும் சின்ன மகளும் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் வரிசையைவிட்டுச் சற்று ஒதுங்கினார்கள். சௌக்கியம் விசாரித்தார்கள்.

"அன்னைக்கு எனக்குக் கேக்கத் தெரியல," என்றார் அவர். "வேலையை விடுங்கன்னு சொல்றதாவே நான் நினைக்கல. உங்களைக் கஷ்டப்படுத்தக்கூடாதுன்னுதான்... அது உங்க காதுல எப்படி விழுந்திருக்கும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது."

அவள் தலையசைத்தாள்.

"தப்பு உங்களோடது மட்டும் இல்ல சார். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது. சரின்னு சொல்லிட்டு, அப்புறமா சண்டை போட்டிருக்கலாம்... அது எனக்குத் தோணவே இல்ல."