பழைய வளையல்

பெட்ரோல் கார்களின் ஆண்டுச் சோதனையன்று பொள்ளாச்சி மைதானத்தில் தேர்க்கூட்டம்தான். ஊர் முழுக்கத் தானாக ஓடும் கார்கள், தானோடிகள். கூப்பிட்டால் வரும், ஏறினால் போகும், ஸ்டியரிங் கிடையாது. கையால் ஓட்டும் பெட்ரோல் கார்க்காரர்களை ஜனங்கள் யானை வளர்ப்பவர்களைப் போலப் பார்த்தார்கள்.

பேணத் தெரிந்தவருக்கே வண்டி சொந்தம் என்பது சட்டம். ஊர் பார்க்கத் தன் கையால் ஆயில் ஃபில்டரை மாற்ற வேண்டும். அதன்பின் இஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டு சிந்தினாலும் கார் உருக்காலைக்குப் போய்விடும்.

துளசிமணி தன் காருக்கடியில் மல்லாந்து கிடந்தாள். அது அழகான கார் ஒன்றும் இல்லை. ஆனால் போன மழையில் மண் சரிந்த காரப்பாறைச் சாலையில் ஏற அது ஒன்றுதான் இருந்தது. ஆபத்துச் சாலை என்று தானோடிகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. மலைமேல் பிரசவ வலி எடுத்தாலும் பாம்பு கடித்தாலும் துளசிமணிதான். இன்று தோற்றால் காரப்பாறை ஊருக்கே நாதியில்லை.

பழைய எண்ணெயைத் தட்டில் வடித்து அடைப்பை மூடினாள். உடும்புப்பிடியாக இருந்த ஃபில்டரைத் திருகிக் கழற்றினாள். புதியதைப் பூட்டிக் கையாலேயே இறுக்கி, எழுந்து வந்து புது எண்ணெயை ஊற்றினாள்.

"வடிகட்டி பொருத்தப்பட்டது. இஞ்சினை இயக்கவும்" என்றது பக்கத்தில் நின்ற சோதனைப்பொறி.

சாவியைத் திருகப் போனவளின் கண்ணில், தட்டில் கிடந்த பழைய ஃபில்டர் பட்டது. அதன் வாய் மூளியாக இருந்தது. ரப்பர் வளையத்தைக் காணோம். காரப்பாறையில் அதற்கு வளையல் என்று பேர். துளசிமணி சாவியிலிருந்து கையை எடுத்தாள். பழைய வளையல் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் புதியதைப் பூட்டியிருக்கிறாள். இஞ்சின் ஓடினால் எண்ணெய் பீறிட்டுவிடும்.

தட்டை இழுத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தாள்.

"ஏனுங்கக்கா, பயந்துட்டீங்களா?" கூட்டத்தில் ஒருவன் கேலி செய்தான்.

"பயப்படறவ மலையில வண்டி ஓட்டுவாளா? சும்மா இருங்க தம்பி!"

ஃபில்டரைக் கழற்றி நகத்தால் நெம்பியதும் கறுத்த வளையல் கையோடு வந்தது. இனி மறக்கவே கூடாதென்று அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். புது ஃபில்டரின் வளையலில் எண்ணெய் தடவிப் பூட்டி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வந்து சாவியைத் திருகினாள்.

இஞ்சின் உறுமியது. சோதனைப்பொறி அடியில் ஊர்ந்து ஊர்ந்து தேடியது. மைதானமே குனிந்து பார்த்தது.

"கசிவு இல்லை. வண்டி உரியவருக்கே."

விசில் சத்தம் காதைப் பிளந்தது. துளசிமணி வளையல் கையை உயர்த்திக் காட்டினாள். கேலி செய்தவன்தான் முதலில் கைதட்டினான்.

உரிமத்தை நீட்டிய சோதனை அதிகாரி எழில்வேந்தன் நகராமல் நின்றார்.

"வண்டி இப்ப மலைக்குப் போகுதுங்களா?" என்று குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா காரப்பாறையிலதான் இருக்குது. ரோடு போனதுக்கப்புறம் பாக்கவே இல்லீங்க. இந்த வருசச் சோதனை முடியாத வண்டியில அதிகாரி ஏறக் கூடாதுன்னு சட்டம். நீங்க தோத்திருந்தா நானே இத உருக்க அனுப்பியிருக்கோணும்."

"அம்மா பேரென்னங்க?"

"அருக்காணிங்க."

"அட, எம்மவன் ஆபீசரு, எம்மவன் ஆபீசருன்னு ஓயாமப் பீத்திக்கும், அந்த அருக்காணியக்காவா? ஏறுங்க!"

எழில்வேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

துளசிமணி சிரித்துவிட்டாள். "சார், இது தானாத் தொறக்காதுங்க. நீங்கதான் கைய வெச்சு இழுக்கோணும்."

அவர் இழுத்தார்.